நடுரோட்டில் பஸ்ஸுக்கு ஒரு வழி: சென்னையில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மேடவாக்கத்தில் எங்கள் குடியிருப்போர் சங்கக் கூட்டத்தில் போக்குவரத்துப் பேச்சு வந்தால் எல்லோரும் என் பக்கம் திரும்புவார்கள். நான் பொறியாளன் இல்லை. இருபது வருடமாக பஸ்ஸில் போகிறவன், பட்ஜெட் புத்தகத்தைப் பொழுதுபோக்காகப் படிக்கிறவன், அவ்வளவுதான். "பஸ்ஸுக்குத் தனிப்பாதை போடப் போகிறார்களாமே, நம் வரிப்பணத்தில் இது தேவையா?" என்று கேட்டவர்களுக்குப் பல கூட்டங்களில் சொன்ன பதில்களைச் சேர்த்து எழுதியிருக்கிறேன்.

பி.ஆர்.டி. என்றால் என்ன? புது மாதிரி சொகுசு பஸ்ஸா?

இல்லை. பஸ் விரைவுப் போக்குவரத்து என்பதைத்தான் சுருக்கி பி.ஆர்.டி. என்கிறார்கள். இதில் பஸ்ஸைவிட முக்கியம் பாதை. ரோட்டின் நடுவில் பஸ்ஸுக்கு மட்டும் என்று ஒரு தடத்தைப் பிரித்துக் கொடுத்துவிட்டு, அதைச் சுற்றி மற்ற ஏற்பாடுகளைச் செய்வார்கள். பஸ் ஏறுவதற்கு முன்பே டிக்கெட் வாங்கிவிட வேண்டும். நடைமேடையும் பஸ்ஸின் தளமும் ஒரே உயரத்தில் இருக்கும். சிக்னலில் பஸ்ஸுக்கு முன்னுரிமை உண்டு. இவ்வளவும் சேர்ந்தால்தான் பி.ஆர்.டி. ரோட்டில் மஞ்சள் கோடு இழுத்து 'பஸ் மட்டும்' என்று எழுதி வைப்பது பெயின்ட் வேலை.

உலகில் இதைப் பெரிய அளவில் முதலில் செய்துகாட்டியது பிரேசிலின் குரிடிபா நகரம், 1974-ல். கொலம்பியாவின் பொகோட்டாவில் 2000-ம் ஆண்டு டிசம்பரிலும் ஜகார்த்தாவில் 2004-லும் ஓடத் தொடங்கியது.

சென்னையில் இப்போது எங்கே ஓடுகிறது?

எங்கும் இல்லை. ஜவஹர்லால் நேரு நகர்ப்புறப் புனரமைப்புத் திட்டம் 2005 டிசம்பரில் வந்த காலத்திலிருந்து பேச்சு மட்டும் ஓடிக்கொண்டிருக்கிறது. அந்தத் திட்டத்தில் மத்திய அரசின் பணத்தை வாங்கி அகமதாபாத்தும் புனேயும் பாதை போட்டன. நாம் அறிக்கை போட்டோம்.

எவ்வளவு செலவாகும்?

எதனோடு ஒப்பிடுகிறோம் என்பதைப் பொறுத்தது. மூன்று கணக்குகளை அடுத்தடுத்து வைத்துப் பாருங்கள்.

சென்னை மெட்ரோவின் இரண்டாம் கட்டம் 118.9 கி.மீ., மதிப்பீடு 63,246 கோடி ரூபாய். வகுத்தால் கி.மீ.க்கு ஏறத்தாழ 530 கோடி. அண்ணா சாலையில் தேனாம்பேட்டைக்கும் சைதாப்பேட்டைக்கும் இடையே கட்டும் மேம்பாலம் 3.2 கி.மீ.க்கு 621 கோடி, அதாவது கி.மீ.க்கு 190 கோடிக்கு மேல். கர்நாடகத்தில் ஹூப்ளிக்கும் தார்வாடுக்கும் நடுவே உலக வங்கிக் கடனோடு போட்ட பி.ஆர்.டி. சுமார் 22 கி.மீ., செலவு ஏறத்தாழ 970 கோடி. கி.மீ.க்கு 44 கோடிதான் வருகிறது. ரோடு அகலப்படுத்தியது, நிலம் எடுத்தது, பணிமனை கட்டியது எல்லாம் சேர்த்து.

விலைவாசிக்கும் சென்னையின் நில மதிப்புக்கும் கொஞ்சம் கூட்டி, கி.மீ.க்கு 50 கோடி என்றே வைத்துக்கொள்வோம். இருபது கி.மீ. பாதைக்கு 1,000 கோடி. மெட்ரோவில் அந்தப் பணத்துக்கு இரண்டு கி.மீ.கூட முழுதாக வராது.

மேம்பாலத்தை இந்தக் கணக்கில் சேர்த்ததற்குக் காரணம் உண்டு. மெட்ரோவுக்குச் செலவழித்தால் "இவ்வளவா?" என்று கேட்கிறோம். பஸ்ஸுக்கு என்றால் "நஷ்டத்தில் ஓடுவதற்கு எதற்குக் கொட்ட வேண்டும்?" என்கிறோம். மேம்பாலத்தில் யாரும் டிக்கெட் வாங்குவதில்லை, ஒரு பைசா திரும்ப வருவதில்லை. ஆனால் மேம்பாலம் நஷ்டத்தில் ஓடுகிறது என்று யாராவது சொல்லிக் கேட்டிருக்கிறீர்களா?

மெட்ரோதான் வருகிறதே, அப்புறம் இது எதற்கு?

மெட்ரோ வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. மயிலாப்பூரிலும் புரசைவாக்கத்திலும் ரோடு இருக்கும் அகலத்துக்கு பஸ்ஸுக்குத் தனியாக ஒரு தடம் எடுக்க முடியாது. அங்கே பூமிக்கு அடியில் போவதுதான் வழி. கூட்டம் மிக அதிகமான தடங்களுக்கும் ரயிலே சரி.

ஆனால் இந்த ஊர் எவ்வளவு பரந்துவிட்டது பாருங்கள். செங்கல்பட்டு, திருவள்ளூர், கேளம்பாக்கம் வரை ஊர் போய்விட்டது. எல்லா இடத்துக்கும் கி.மீ.க்கு 530 கோடி செலவழிக்க யாராலும் முடியாது. முதல் கட்ட மெட்ரோவில் ஆலந்தூர்–கோயம்பேடு பகுதி 2015 ஜூனில் திறந்தது. வண்ணாரப்பேட்டைக்கும் விமான நிலையத்துக்கும் முழுதாக ஓட 2019 ஆகிவிட்டது. பறக்கும் ரயில் கதை அதைவிட நீளம். கடற்கரையிலிருந்து சேப்பாக்கம் வரை 1995-ல் வந்தது, வேளச்சேரிக்கு வர 2007. இடைப்பட்ட காலத்தில் வேளச்சேரியில் பிறந்த குழந்தை ஆறாம் வகுப்புக்குப் போயிருக்கும்.

மெட்ரோ நிலையத்தில் இறங்கியதும் வீட்டுக்குப் போக ஒரு பஸ் வேண்டும் என்பதையும் மறக்க வேண்டாம்.

சரி, பாதை போட அந்த 1,000 கோடி எங்கிருந்து வரும்?

இது கேட்க வேண்டிய கேள்விதான், ஆனால் விடை சொல்லச் சுலபமானது. கட்டுவதற்குக் கடன் கொடுக்க ஆள் இருக்கிறார்கள். மெட்ரோ முதல் கட்டத்துக்கு ஜப்பான் அரசின் கடனுதவி நிறுவனமான ஜைக்கா கொடுத்தது. இரண்டாம் கட்டத்துக்கு ஜைக்காவோடு ஆசிய வளர்ச்சி வங்கி, ஆசிய உள்கட்டமைப்பு முதலீட்டு வங்கி, புதிய வளர்ச்சி வங்கி எல்லாம் வந்தன. தமிழக அரசுப் போக்குவரத்துக் கழகங்கள் பஸ் வாங்க ஜெர்மனியின் கே.எஃப்.டபிள்யு. வங்கி கடன் தருகிறது. உலக வங்கியும் சென்னைக்குக் கடன் தந்திருக்கிறது.

மத்திய அரசின் பங்கு வேறு கதை. பழைய ஜவஹர்லால் நேரு திட்டத்தில் நாற்பது லட்சம் பேருக்கு மேல் வாழும் நகரங்களுக்கு மத்திய அரசு 35 சதவீதம், மாநிலம் 15, உள்ளாட்சி 50 என்று பங்கு. பெரிய நகரம் என்பதாலேயே நமக்கு மத்தியப் பங்கு குறைவு. 2023-ல் வந்த பிரதமர் இ-பஸ் சேவைத் திட்டமும் நாற்பது லட்சத்துக்கு உட்பட்ட நகரங்களுக்குத்தான். பிறகு வந்த பி.எம். இ-டிரைவ் திட்டத்தில்தான் சென்னை போன்ற பெருநகரங்களை மின்சார பஸ்ஸுக்குச் சேர்த்தார்கள். மெட்ரோ இரண்டாம் கட்டத்துக்கு 2024 அக்டோபரில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் தரும்வரை பெரும்பாலான சுமை மாநிலத்தின் தலையில்தான் இருந்தது. தில்லியிலிருந்து பணம் வரும் என்று நம்பி பஸ் பாதைக்கு நாள் குறிக்கக் கூடாது. வந்தால் சந்தோஷம்.

அப்படியானால் பணம் ஒரு பிரச்சினையே இல்லையா?

கட்டுவதற்குப் பிரச்சினை இல்லை என்றேன். ஓட்டுவதற்கு?

அங்கேதான் சிக்கல். கடன் கொடுக்கிற வங்கிகள் பாதை, நிலையம், பணிமனை, பஸ் ஆகியவற்றுக்குக் கொடுக்கும். டிரைவர், கண்டக்டர் சம்பளத்துக்கும் டீசலுக்கும் டயருக்கும் யாரும் வருடா வருடம் கொடுக்க மாட்டார்கள். திறப்பு விழாவுக்குக் கல்வெட்டு உண்டு. காலை ஏழு மணி நடை தவறாமல் புறப்பட்டதற்குக் கல்வெட்டு இல்லை.

மாநகர் போக்குவரத்துக் கழகத்திடம் சுமார் 3,200 பஸ் இருக்கிறது. ஊர் வளர்ந்த வேகத்துக்கு அது போதாது. சாதாரண பஸ்ஸில் குறைந்தபட்சக் கட்டணம் 5 ரூபாய், 2018-ல் வந்தது. அதற்குப் பிறகு டீசல் எங்கே போனது என்று எல்லோருக்கும் தெரியும். கட்டணத்தை ஏற்றாமல் வைத்திருப்பது அரசின் முடிவு, நல்ல முடிவும்கூட. ஆனால் அந்த வித்தியாசத்தை அரசு மாதா மாதம் முழுதாகக் கொடுத்தால்தான் கழகம் மூச்சு விடும். கொடுப்பது குறைந்தால் உதிரி பாகம் வாங்குவது தள்ளிப்போகும், பணிமனையில் நிற்கும் பஸ் கூடும், நடை ரத்தாகும். நாம் நிழற்குடையில் நின்றுகொண்டு கண்டக்டரைத் திட்டுவோம்.

அதனால் ஒரு பஸ் பாதைத் திட்டம் பயனுள்ளதா என்று பார்க்க நான் கட்டுமான மதிப்பீட்டை முதலில் புரட்டுவதில்லை. திறந்த பிறகு பத்து வருடத்துக்கு ஓட்டும் செலவு எந்தத் தலைப்பில் இருந்து வரும் என்று எழுதியிருக்கிறார்களா என்று பார்ப்பேன். பெரும்பாலும் அந்தப் பக்கம் இருக்காது.

ஓட்டும் செலவுக்குப் பணம் திரட்ட வழியே இல்லையா?

இருக்கிறது, சிலது கசக்கும். பொகோட்டாவில் பெட்ரோல் மீது போட்ட உள்ளூர் வரியில் ஒரு பங்கைப் பஸ்ஸுக்கு ஒதுக்கினார்கள். லண்டனில் 2003 முதல் நகர மையத்துக்குள் கார் ஓட்டிவர நெரிசல் கட்டணம். மிச்சப் பணம் போக்குவரத்துக்கே போக வேண்டும் என்பது சட்டம். சென்னையில் இவ்வளவு தூரம் போக வேண்டாம். பாண்டி பஜாரிலும் அண்ணா நகரிலும் கார் நிறுத்துவதற்கு ஒழுங்கான கட்டணம் வாங்கினாலே ஆரம்பத்துக்குப் போதும். பாதையோரத்தில் கூடுதல் மாடி கட்ட அனுமதி வாங்குகிறவர்களிடம் வாங்கும் பிரீமியம் கட்டணத்தில் ஒரு பங்கு கேட்கலாம். பாதை வந்தால் மனை விலை ஏறுவது அவர்களுக்குத்தானே.

தனிப்பாதையால் கழகத்தின் நஷ்டம் குறையுமா, கூடுமா?

எனக்கு மிகவும் பிடித்த கேள்வி இது. ஒரு பேப்பர் எடுத்துக்கொள்ளுங்கள். எண்கள் உதாரணத்துக்கு நான் போட்டவை, வகுத்தல் உங்களுடையது.

இருபது கி.மீ. தடம். நெரிசலில் பஸ் மணிக்கு 12 கி.மீ. வேகத்தில் ஊர்கிறது. ஒரு வழிக்கு 100 நிமிடம், போய்வர 200. இரண்டு முனையிலும் டீ குடிக்க, கணக்குக் காட்ட 20 நிமிடம். மொத்தம் 220. பதினொரு பஸ் விட்டால் நிறுத்தத்தில் 20 நிமிடத்துக்கு ஒரு பஸ் வரும்.

அதே தடத்தில் தனிப்பாதை. வேகம் 20 கி.மீ. என்று வைப்போம், அதுவும் சைக்கிளைவிடக் கொஞ்சம்தான் அதிகம். ஒரு வழிக்கு 60 நிமிடம், போய்வர 120, டீயோடு 140. அதே பதினொரு பஸ், அதே டிரைவர்கள். இப்போது 13 நிமிடத்துக்கு ஒரு பஸ். ஒரே ஒரு பஸ்கூடப் புதிதாக வாங்கவில்லை.

டிரைவருக்கும் கண்டக்டருக்கும் சம்பளம் நேரத்துக்குத்தான். நெரிசலில் நின்றுகொண்டு பஸ் குடிக்கும் டீசலுக்கு டிக்கெட் வசூல் கிடையாது. ஆக, வேகம் கூடினால் நடை கூடும், நடை கூடினால் கலெக்‌ஷன் கூடும், ஒரு நடைக்கு ஆகும் செலவு இறங்கும். நஷ்டம் முழுதும் போய்விடும் என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் பஸ்ஸை நெரிசலில் நிறுத்தி வைத்துவிட்டு, "கழகம் நஷ்டத்தில் ஓடுகிறது" என்று சொல்வது கையைக் கட்டிவிட்டு நீந்தச் சொல்வது போல.

மகளிர் இலவசப் பயணம் இதில் உண்டா?

இருக்க வேண்டும். இல்லையென்றால் இந்தத் திட்டத்தை நானே எதிர்ப்பேன்.

2021 மே 8 முதல் சாதாரணக் கட்டண பஸ்களில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. இன்று விடியல் பயணம் என்று சொல்கிறோம். 2025-26 பட்ஜெட்டில் மாநிலம் முழுவதற்கும் 3,600 கோடி ஒதுக்கினார்கள். வீட்டு வேலைக்குப் போகிறவர், கடையில் நிற்கிறவர், கல்லூரிக்குப் போகிறவர் என்று பஸ்ஸில் இன்று யார் இருக்கிறார்கள் என்பதை அந்தத் திட்டம் மாற்றியிருக்கிறது.

ஆபத்து எங்கே என்றால், தனிப்பாதையில் 'சிறப்பு' பஸ், 'ஏ.சி.' பஸ் மட்டும் விடலாம் என்று யாராவது யோசனை சொல்வார்கள். சாதாரணக் கட்டண வெள்ளை போர்டு பஸ் பக்கத்து நெரிசலில் நிற்க, காசு கொடுத்தவர் நடுவில் பறப்பார். பொது ரோட்டைப் பொதுப் பணத்தில் பிரித்து அதற்கா கொடுப்பது? பாதையில் எல்லா ரக பஸ்ஸும் ஓட வேண்டும் என்று ஒப்பந்தத்திலேயே எழுத வேண்டும்.

நிலையத்துக்குள் நுழையும்போதே டிக்கெட் பார்ப்பதால் பெண்களுக்குத் தரும் கட்டணமில்லா டிக்கெட்டின் எண்ணிக்கையும் அங்கேயே பதிவாகிவிடும். நெரிசல் பஸ்ஸில் கண்டக்டர் தலைக்கு மேல் கையை நீட்டி அதைக் கிழித்துக் கொடுக்கும் சிரமம் போகும்.

ரோடே போதவில்லை. இருக்கும் மூன்று தடத்தில் ஒன்றை எடுத்தால் கார்க்காரர்கள் என்ன செய்வது?

கூட்டத்தில் குரல் உயர்வது இந்த இடத்தில்தான். கோபம் நியாயமானது, அதனால் மழுப்பாமல் சொல்கிறேன்: ஆரம்பத்தில் காருக்கு இடம் குறையும். குறையாது என்று சொல்பவர் உங்களை ஏமாற்றுகிறார்.

ஆனால் அந்தத் தடத்தில் போவது எத்தனை வண்டி என்று எண்ணாதீர்கள். எத்தனை பேர் என்று எண்ணுங்கள். ஒரு தடத்தில் மணிக்கு ஆயிரம் கார் போகிறது, ஒவ்வொன்றிலும் சராசரியாக ஒன்றரைப் பேர் என்றால் 1,500 பேர். அதே தடத்தில் நிமிடத்துக்கு ஒரு பஸ், பஸ்ஸுக்கு அறுபது பேர் என்றால் 3,600 பேர். நம் பஸ்களில் காலை எட்டரைக்கு அறுபதோடு நிற்பதில்லை என்பது வேறு விஷயம். 2006-ல் வந்த தேசிய நகர்ப்புறப் போக்குவரத்துக் கொள்கையும் இதைத்தான் சொன்னது: நகர வேண்டியது வண்டிகள் அல்ல, மனிதர்கள்.

இந்தத் திட்டத்தின் உண்மையான விலை 1,000 கோடி அல்ல என்று நான் சொல்வது அதனால்தான். யார் ரோட்டில் ஒதுங்கி நிற்பது என்பதுதான் விலை. அதற்கு எந்த வங்கியும் கடன் கொடுக்காது. அதைத் தவிர்க்கத்தான் தூணில் ஏற்றலாமா, சுரங்கம் தோண்டலாமா என்று பத்து மடங்கு செலவுக்குப் போகிறோம்.

தில்லியில் போட்டு இடித்துவிட்டார்களே?

ஆமாம். அம்பேத்கர் நகர் முதல் மூல்சந்த் வரை 5.8 கி.மீ., 2008-ல் திறந்தார்கள், 2016-ல் இடிக்கத் தொடங்கினார்கள். பி.ஆர்.டி.யை எதிர்க்கிறவர்கள் எல்லோரும் எடுத்து வீசும் கல் இது. கொஞ்சம் நிதானமாகப் பார்க்கலாம்.

முதல் தவறு, நீளம். 5.8 கி.மீ. என்பது ஒரு துண்டு. பயணம் இருபது கி.மீ. என்றால் நடுவில் ஆறு கி.மீ. மட்டும் வேகமாகப் போய் என்ன பயன்? இரண்டாவது, நிறுத்தங்களைச் சிக்னலை ஒட்டியே வைத்தார்கள். பஸ்கள் சிக்னலில் வரிசை கட்டின. சிக்னல் நேரமும் நீண்டது. பக்கத்தில் கார்களும் காத்துக்கொண்டிருந்தன. ஏறும் முன் டிக்கெட் கிடையாது. பழைய உயரமான பஸ்ஸும் அதே பாதையில் ஓடியது. பாதையில் பைக்குகள் புகுந்தன.

வழக்கும் போட்டார்கள். 2012-ல் தில்லி உயர் நீதிமன்றம் பஸ் பாதையை எடுக்க மறுத்து மனுவைத் தள்ளுபடி செய்தது. இதைச் சொல்பவர்கள் குறைவு. நீதிமன்றத்தில் பிழைத்த பாதை அரசியலில் பிழைக்கவில்லை. காரில் போகிறவரின் குரல் தொலைக்காட்சியில் கேட்கும், பஸ்ஸில் நிற்கிறவரின் குரல் கேட்காது. அங்கே நடந்தது அதுதான்.

அகமதாபாத்?

2009 அக்டோபரில் ஜன்மார்க் என்ற பெயரில் அவர்களுடைய பி.ஆர்.டி. திறந்தது. நடுவில் மூடிய நிலையம், வெளியிலேயே டிக்கெட், தளத்தோடு தளமாக ஏறுவது என்று முறையாகச் செய்தார்கள். விருதும் வாங்கினார்கள். ஆனால் மக்கள் நெருக்கமாக வாழும் பழைய நகரத்துக்குள் போகாமல் அகலமான ரோடு இருந்த இடமாகப் பார்த்துப் பல இடங்களில் போட்டார்கள் என்ற விமர்சனம் உண்டு. அந்தச் சபலம் நமக்கும் வரும்.

ஹூப்ளி–தார்வாடில் வேகம் நன்றாக இருக்கிறது, ஆனாலும் பாதையை எல்லா வண்டிக்கும் திறந்துவிடச் சொல்லும் குரல் அங்கேயும் ஓயவில்லை. முறையாகக் கட்டினால் எதிர்ப்பே இருக்காது என்று யாரும் நினைக்க வேண்டாம்.

பைக் உள்ளே புகுந்துவிடும். நம் ஆட்களைத் தெரியாதா?

தெரியும். நானும் பைக் வைத்திருக்கிறேன்.

பாதைக்கும் பக்கத்துத் தடத்துக்கும் நடுவில் ஏற முடியாத உயரத்துக்குத் தடுப்பு வேண்டும். நுழைவாயிலில் கேமரா வேண்டும், அபராதம் வீட்டுக்கு வர வேண்டும். முதல் ஆறு மாதம் ஆள் நிறுத்த வேண்டும். விதிவிலக்கு ஆம்புலன்ஸுக்கும் தீயணைப்பு வண்டிக்கும் மட்டும். கொடி கட்டிய கார் ஒன்று உள்ளே போனால் அன்றைக்கே பாதை முடிந்தது.

நடுரோட்டில் ஸ்டாப் என்றால் வயதானவர்கள் எப்படிப் போவது?

நடைமேம்பாலம் கட்டிவிட்டு, ஏறிப் போகச் சொன்னால் யாரும் ஏற மாட்டார்கள். தாம்பரம் வழியாகத் தெற்கே போகும் ஜி.எஸ்.டி. ரோட்டில் மீடியனைத் தாண்டிக் குதிப்பவர்களை தினமும் பார்க்கிறோம். தரைமட்டத்தில், சிக்னலோடு, மேடான நடைபாதைக் கடவு வேண்டும். கார் வேகம் குறைவதே அதன் பலன்.

கதவு விஷயமும் இருக்கிறது. நம் பஸ்ஸுக்குக் கதவு இடது பக்கம். ரோட்டின் நடுவில் ஒரே நிலையம் கட்டினால் பஸ்ஸுக்கு வலது பக்கமும் கதவு வேண்டும், அகமதாபாத்தில் அப்படித்தான். தில்லியில் நிலையத்தைப் பஸ் தடத்துக்கு இடப்புறம் கட்டி, இடது கதவு பஸ்ஸையே விட்டார்கள். சென்னைக்கு இரண்டாவதுதான் பொருந்தும். பெரம்பூரிலிருந்து பெசன்ட் நகர் போகும் 29சி எத்தனை ரோட்டில் திரும்புகிறது! தனிப்பாதையில் கொஞ்ச தூரம் ஓடிவிட்டு வெளியே வந்து சாதாரண நிறுத்தத்தில் ஆளை இறக்குகிற மாதிரிதான் நம் தடங்கள் இருக்கின்றன. எல்லா பஸ்ஸும் உள்ளே வந்து வெளியே போகக்கூடிய திறந்த முறை வேண்டும். சியோலில் 2004-ல் நடுத்தடப் பஸ் பாதை போட்டபோது செய்தது ஏறத்தாழ இதுதான்.

படி உயரம் இன்னொன்று. பழைய பஸ்ஸின் தளம் தரையிலிருந்து 900 மி.மீ., தாழ்தள பஸ்ஸுக்கு 400 மி.மீ. என் அம்மாவுக்கு முட்டி வலி. தாழ்தள பஸ் வந்தால் ஏறுவார், மற்றது வந்தால் அடுத்ததற்கு நிற்பார். அவருக்கு பஸ் இருபது நிமிடத்துக்கு ஒன்று என்பது நாற்பது நிமிடத்துக்கு ஒன்று.

ஐப்பசி மழையில் என்ன ஆகும்?

ரோடு நடுவில் மேடாகவும் ஓரம் தாழ்வாகவும் போடுவார்கள், தண்ணீர் வடிவதற்காக. மழையில் முதலில் முழுகுவது இடது ஓரம், இன்று பஸ் நிற்கும் இடம். நடுத்தடம் கடைசியில்தான் முழுகும். சதுப்பு நிலமான பள்ளிக்கரணைப் பக்கம் மட்டும் இந்த விதி எடுபடாது.

எந்த ரோட்டில் போடலாம்?

ஓ.எம்.ஆர். என்கிற ராஜீவ் காந்தி சாலைதான் எல்லோருக்கும் முதலில் தோன்றும். இருந்திருக்கும். ஆறு தடம், நேரான ரோடு, ஐ.டி. கூட்டம். இப்போது மீடியனில் மெட்ரோ தூண்கள் வந்துவிட்டன. உள்வட்டச் சாலையிலும் மெட்ரோ வேலைதான்.

மிச்சம் இருப்பதில் எனக்குப் படுவது இரண்டு. ஒன்று, துரைப்பாக்கத்திலிருந்து பல்லாவரம் போகும் 200 அடி ரோடு. ராஜீவ் காந்தி சாலையையும் ஜி.எஸ்.டி. ரோட்டையும் இணைக்கிறது, குறுக்கே போகிறவர்களுக்கு ரயில் கிடையாது. இன்னொன்று, ஊருக்குள்ளிருந்து கிளாம்பாக்கம் போகும் ஜி.எஸ்.டி. ரோடு. 2023 டிசம்பர் 30-ல் கிளாம்பாக்கத்தில் புது பஸ் முனையம் திறந்து, தென்மாவட்ட பஸ்களை அங்கே மாற்றினார்கள். ராத்திரி பத்து மணிக்கு மதுரை பஸ் பிடிக்க மூட்டையோடு போகிறவர்களுக்கு ஊருக்குள்ளிருந்து கிளாம்பாக்கம் போவதே பெரிய பயணமாகிவிட்டது. வண்டலூரிலிருந்து மீஞ்சூர் போகும் வெளிவட்டச் சாலையில் இடம் தாராளமாக இருக்கிறது, ஆனால் ஆள் இன்னும் இல்லை. இடம் இருக்கிறதே என்று அங்கே போடுவது அகமதாபாத் தவறுதான்.

தூண் மேல் பஸ் பாதை கட்டினால் யாருக்கும் தொந்தரவு இல்லையே?

செலவு மேம்பாலக் கணக்குக்குப் போய்விடும். ஏறி இறங்கப் படி வேண்டும், லிஃப்ட் வேண்டும், லிஃப்ட் வேலை செய்ய வேண்டும். அந்தக் காசுக்கு ரயிலே விடலாம்.

தனியாருக்குக் கொடுத்துவிடுவார்களா?

ஏற்கெனவே ஒரு முறை ஓடிக்கொண்டிருக்கிறது. 2025 ஜூன் 30-ல் வியாசர்பாடி பணிமனையிலிருந்து 120 மின்சாரத் தாழ்தள பஸ் விட்டார்களே, அவற்றைத் தனியார் நிறுவனம் ஓட்டுகிறது, கழகம் கி.மீ.க்கு இவ்வளவு என்று கொடுக்கிறது; டிக்கெட் காசு கழகத்துக்கு. கட்டணம், தடம், நேரம் எல்லாம் கழகத்தின் கையில். இதனால் ஓட்டுகிறவருக்கு ஆள் ஏறுவதும் ஏறாததும் ஒன்றுதான். நிறுத்தத்தில் நிற்காமல் போனால் அபராதம் போடுவதற்குக் கண்காணிப்பு சரியாக இருக்க வேண்டும். டிரைவரின் வேலை நேரம், சம்பளம் பற்றிய தொழிற்சங்கங்களின் கவலை நியாயமானது. கி.மீ. விலையைக் குறைக்க நிறுவனங்கள் முதலில் கை வைப்பது அங்கேதான்.

ஷேர் ஆட்டோக்காரர்கள் பிழைப்பு?

பாதையில் போட்டி போட முடியாது. ஆனால் நிலையத்திலிருந்து உள்ளே தெருக்களுக்குப் போக அவர்களை விட்டால் ஆளில்லை. நிலையத்தை வரையும்போதே அவர்கள் நிற்க இடம் வரைய வேண்டும், பிறகு போலீஸ் விரட்டக் கூடாது.

கடைசியில் இதனால் யாருக்குப் பயன்?

கண்ணகி நகர், பெரும்பாக்கம் குடியிருப்புகளை நினைத்துப் பாருங்கள். ஊருக்குள் ஆற்றோரமும் கால்வாயோரமும் இருந்தவர்களை இருபது கி.மீ. தள்ளிக் கொண்டுபோய் வைத்தோம். வேலை மந்தைவெளியிலும் தி.நகரிலும்தான் இருக்கிறது. எங்கள் தெருவுக்கு வேலைக்கு வருகிற அக்கா முன்பு சைதாப்பேட்டையில் இரண்டு வீடு பார்த்துக்கொண்டிருந்தார். போய்வர மூன்றரை மணி நேரம் ஆனதால் விட்டுவிட்டார். டிக்கெட் இலவசம்தான், நேரம் இலவசம் இல்லை என்று அவரே சொன்னார். ஒரு வழிக்கு அரை மணி நேரம் குறைந்தால் அவருக்கு இன்னொரு வீட்டுச் சம்பளம்.

திட்ட அறிக்கைகளில் 'நேரச் சேமிப்பு' என்று ஒரு அட்டவணை வரும். ஒருவர் வாங்கும் சம்பளத்தை வைத்து அவர் நேரத்துக்கு விலை போடும் வழக்கம் உண்டு. அப்படிப் போட்டால் காரில் போகிறவரின் அரை மணி அந்த அக்காவின் அரை மணியைவிடப் பல மடங்கு விலை பெறும். அறிக்கையைப் படிக்கும்போது அந்தப் பக்கத்தை விட்டுவிடாதீர்கள்.

கருத்துக் கேட்புக் கூட்டம் வைத்தால் என்ன கேட்பது?

"மெட்ரோ மாதிரி அழகாக இருக்குமா?" என்று கேட்காதீர்கள். காலை எட்டிலிருந்து ஒன்பதுக்குள் ஒரு நிறுத்தத்தில் எத்தனை பஸ் வரும் என்று கேளுங்கள். வெள்ளை போர்டு அதில் எத்தனை? ஐந்தாவது வருடம் ஓட்டும் செலவு எந்தத் துறையின் பட்ஜெட்டில்? பாதைக்குள் கார் வந்தால் யார் பிடிப்பது, போக்குவரத்துப் போலீஸா, கழகமா, மாநகராட்சியா? இந்த மூவரையும் ஒரே மேசையில் உட்கார வைக்கத்தான் கும்டா என்கிற ஒருங்கிணைந்த போக்குவரத்துக் குழுமத்துக்கு 2010-ல் சட்டம் போட்டார்கள். அது நடைமுறைக்கு வர 2019 ஆனது. கும்டாவிலிருந்து யாராவது வந்திருந்தால் அவரிடமே கேளுங்கள். பதிலை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள், தேதியோடு.